சிலிகா உப்பங்கழி: களப்பயணத்துக்கு ஒரு பாடம்

இந்தியாவின் கிழக்குக் கரையில், ஒடிசா மாநிலத்தின் பூரி, குர்தா, கஞ்சாம் ஆகிய மூன்று மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு சிலிகா என்னும் பெரிய உப்பங்கழி பரந்து கிடக்கிறது. சென்னையிலிருந்து ஹௌரா செல்லும் ரயில் ரம்பாவுக்கும் பாலுகாவுக்கும் இடையே இதன் கரையை ஒட்டியே ஓடுகிறது. ஒரு புறம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகளையும், மறுபுறம் எல்லை தெரியாத நீர்ப்பரப்பையும் அதில் மிதக்கும் தீவுகளையும் கண்டு மகிழாத பிரயாணி இல்லை. எனினும் இக்கட்டுரையின் நோக்கம் அவ்வழகை வருணிப்பதன்று. மாணவர்களை இங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும், கரையோரக் கிராமங்களில் பணிபுரியும் களப்பணியாளர்களும் எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதை எடுத்துக் கூறுவதே இதன் நோக்கமாகும்.

1. உப்பங்கழி என்பது யாது?

கடலின் ஒரு பகுதி மணல் திட்டினால் பிரிக்கப்பட்டு, ஒரு குறுகிய வாயின் மூலம் மட்டும் கடலோடு தொடர்பு கொண்டிருக்குமானால், அந்த ஆழமற்ற நீர்நிலையை உப்பங்கழி என்கிறோம். அவ்வாயை முகத்துவாரம் என்பர். சிலிகாவின் நீளம் சுமார் 65 கிலோமீட்டர். மழைக்காலத்தில் இதன் பரப்பு 1,165 சதுர கிலோமீட்டராகப் பெருகிக் கோடையில் 906 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும். பரப்பு இவ்வளவு பெரிதாயினும் ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் படகோட்டி மூங்கில் கழியை ஊன்றியே படகைத் தள்ளிச் செல்லலாம்.

இந்நீர்நிலைக்கு மூன்று வழிகளில் நீர் வருகிறது. வடக்கே மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி முதலிய ஆறுகள் நன்னீரையும் வண்டலையும் கொண்டு வருகின்றன. மேற்குக் குன்றுகளிலிருந்து சிற்றோடைகள் பல வந்து கலக்கின்றன. கடல்நீர் முகத்துவாரத்தின் வழியாக ஏற்றத்தின்போது புகுந்து, இறக்கத்தின்போது வெளியேறுகிறது. ஆகவே சிலிகாவின் நீர் எங்கும் ஒரே தன்மையுடையதன்று. ஆறுகள் சேரும் வட பகுதி மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீராகவே இருக்கும். நடுப்பகுதி உவர்நீர். முகத்துவாரத்தை அடுத்த வெளிக்கால்வாயில் கடல்நீரின் தன்மை மிகுதி. ரம்பாவை அடுத்த தென் பகுதியில், நீர்ப் போக்குவரத்து குறைவாதலால், உப்பின் அளவு பருவந்தோறும் பெரிதாக மாறுவதில்லை.

ஒரே ஏரிக்குள் இத்தனை வகை நீர் இருப்பதால்தான் இத்தனை வகை உயிர்கள் இங்கு வாழ்கின்றன. நன்னீர் மீனும் கடல் மீனும் இரண்டிலும் வாழும் மீனும் இங்கே அவற்றிற்கேற்ற இடத்தைத் தேடிக்கொள்கின்றன. இந்தச் சமநிலையை முகத்துவாரம் ஒன்றே தாங்கி நிற்கிறது.

2. ஆராய்ச்சியின் வரலாறு

சிலிகாவின் உயிரினங்களை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் நெல்சன் அன்னண்டேல் ஆவார். 1916-இல் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் இவரே. இவரும் ஸ்டான்லி கெம்ப் என்பாரும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகள் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வெளியீடுகளாக வந்தன. சிலிகாவிலுள்ள பர்குடா என்னும் தீவில், கால்களே இல்லாத, மண்புழுவைப் போன்ற தோற்றமுடைய அரணை இனம் ஒன்றை அன்னண்டேல் 1917-இல் உலகுக்கு அறிவித்தார். தீவின் பெயராலேயே அதற்குப் பெயரும் அமைந்தது. ஒரு சிறிய தீவின் மண்ணுக்கடியில்கூட விஞ்ஞானம் அறியாத உயிர் ஒன்று இருக்கக்கூடும் என்பதற்கு மாணவர்களிடம் கூறத்தக்க சான்று இது.

1981-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் இந்தியாவிலிருந்து முதன்முதலில் சேர்க்கப்பட்ட இரண்டு ஈரநிலங்களுள் சிலிகா ஒன்று. மற்றொன்று ராஜஸ்தானத்திலுள்ள கேவலாதேவ்.

3. வலசை வரும் பறவைகள்

குளிர்காலம் தொடங்கியதும் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவின் ஏரிகளிலிருந்தும் பறவைகள் கூட்டங்கூட்டமாக இங்கு வந்து சேர்கின்றன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், பட்டைத்தலை வாத்து, கருவால் மூக்கன், பூநாரை முதலியவை இவற்றுட் சில. அண்மை ஆண்டுகளில் ஜனவரி மாதந்தோறும் எடுக்கப்படும் கணக்கில் இவற்றின் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

ஏரியின் நடுவே நளபனா என்னும் தாழ்ந்த தீவு உள்ளது. நாணற்காடு என்பது இப்பெயரின் பொருள். மழைக்காலத்தில் முற்றும் நீரில் மூழ்கிவிடும் இத்தீவு, நீர் வடியும்போது சிறிது சிறிதாக வெளிப்படும். அப்பொழுது வெளிப்படும் சேற்றிலும் ஆழமற்ற நீரிலும் புழு, நத்தை, விதை, கிழங்கு ஆகிய உணவு ஏராளமாகக் கிடைக்கும். பறவைகள் வரும் காலமும் நீர் வடியும் காலமும் ஒன்றாயிருப்பதைக் கவனிக்க வேண்டும். 1987-இல் இது பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

வடகரையிலுள்ள மங்களாஜோடி என்னும் கிராமத்தின் கதை களப்பணியாளர்களுக்குத் தனியே பயன்படும். ஒரு காலத்தில் இவ்வூரார் பறவைகளைப் பெருமளவில் வேட்டையாடி விற்றுப் பிழைத்தனர். 2000-ஆம் ஆண்டையொட்டி ஊராரே பறவைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தனர். வேட்டையில் கைதேர்ந்திருந்தவர்களே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினர். பறவை எங்கு அடையும், எப்பொழுது இரை தேடும் என்பதை வேட்டையாடியவனைவிட நன்கு அறிந்தவர் யார்? தண்டனையினால் மட்டும் வந்த மாற்றம் அன்று இது. வேட்டையில் கிடைத்த வருமானத்துக்கு ஈடாக வேறு வருமானம் காட்டப்பட்டதும், ஊரின் அறிவு மதிக்கப்பட்டதும் சேர்ந்தே இதைச் சாதித்தன.

4. ஐராவதி ஓங்கில்

சாதபடாவை அடுத்த வெளிக்கால்வாய்ப் பகுதியில் ஐராவதி ஓங்கில்கள் வாழ்கின்றன. கடல் ஓங்கிலுக்குள்ள நீண்ட மூக்கு இதற்கு இல்லை. தலை உருண்டு மழுங்கியிருக்கும். முதுகுத் துடுப்பு சிறியது. நீரை விட்டு உயரத் துள்ளும் பழக்கமும் குறைவு. மூச்சு விடுவதற்காக மேலே வந்து, முதுகைச் சற்றே காட்டி மறையும். மியான்மாரிலுள்ள ஆற்றின் பெயரால் இது வழங்கினாலும், 1866-இல் இவ்வினம் விவரிக்கப்பட்டது நமது விசாகப்பட்டினத்தில் கிடைத்த உடலை வைத்தே என்பது அறியத்தக்கது.

சிலிகாவில் இவற்றின் எண்ணிக்கை சுமார் 150. உப்பங்கழியொன்றில் வாழும் கூட்டத்துக்கு இது பெரிய தொகையே. ஆயினும் ஓங்கில் பல ஆண்டுகளுக்கு ஒரு முறையே ஒரு குட்டி ஈனும். ஆண்டுக்கு நாலைந்து உயிர்கள் வலையில் சிக்கியோ படகின் விசிறியால் வெட்டுண்டோ இறந்தால், அந்த இழப்பை ஈடுசெய்வது கடினம். சுற்றுலாப் படகுகள் பல ஒரே ஓங்கிலைச் சூழ்ந்து துரத்துவதை அங்குக் காணலாம். ஓங்கில் ஒலியைக் கொண்டே வழியறிந்து இரை தேடும் பிராணி. பொறியின் இரைச்சல் அதற்குக் கண்ணைக் கட்டிவிடுவது போன்றதாகும். எனவே பயணிகள் படகோட்டியிடம் விரைந்து செல்லும்படி கேட்பதை விடுத்து, சற்றுத் தொலைவிலேயே பொறியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்படி கேட்க வேண்டும். அப்படிக் காத்திருப்பவர்களுக்குக் காட்சி கிடைக்காமற் போவது அரிது.

5. மீனவரும் அவர்தம் முறைகளும்

சிலிகாவை நம்பி இரண்டு லட்சம் மீனவ மக்கள் வாழ்கின்றனர். கேவுட, கந்தரா, தியரா, நியரி, நோலியா எனப் பல சமூகத்தினர் இவர்களுள் உளர். நோலியாக்கள் தெலுங்கு பேசும் கடல் மீனவர். வலை பிடிப்பவர் வலையையும், மூங்கிற் பொறி வைப்பவர் பொறியையும் கையாள்வது மரபு. ஒருவர் முறை மற்றவர் முறையில் குறுக்கிடாமல், எந்த நீரில், எந்தப் பருவத்தில், எந்தக் கிராமத்தார் பிடிப்பது என்பதற்கு வழக்காறு இருந்தது.

இம்முறைகளுள் ஜானோ என்பது குறிப்பிடத்தக்கது. மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும் காலத்தில், கரையோர ஆழமற்ற நீரை மூங்கிற் பிளாச்சுத் தட்டிகளால் வளைத்துக் கட்டுவார்கள். மீன்கள் உள்ளே நிற்கும். நீர் குறையக் குறைய அவற்றைப் பிடிப்பார்கள். ஊர் முழுவதும் சேர்ந்து செய்யும் தொழில் இது. பருவம் முடிந்ததும் தட்டிகளை அகற்றிவிடுவார்கள். இறாலுக்கென மூங்கிலால் முடைந்த பெட்டிப் பொறிகளும் உண்டு. திறந்த நீரில் வலை வீசுவது வேறொரு முறை.

பாலுகாவுக்கு எதிரேயுள்ள சிறு தீவில் காளிஜாய் அம்மன் கோயில் இருக்கிறது. மணமகளாகப் படகில் சென்ற ஜாய் என்னும் பெண் புயலில் மூழ்கி, பின்னர் இத்தீவின் தெய்வமானாள் என்பது கதை. படகோட்டிகள் இவளை வணங்கியே துறை விட்டுச் செல்வர். மகர சங்கராந்தியன்று இங்கு விழா நிகழும். ஆழமற்ற ஏரியில் திடீரென்று எழும் காற்றும் அலையும் எத்தகைய ஆபத்து என்பதை மக்கள் எவ்வாறு நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதற்கு இக்கதை சாட்சி.

6. முகத்துவாரம் அடைபட்ட வரலாறு

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் அலைகள் கரையைச் சாய்வாக மோதுகின்றன. மோதிய அலை மணலைக் கரையோடு வடகிழக்காகத் தள்ளிச் செல்கிறது. ஆண்டுதோறும் நகரும் இந்த மணல் முகத்துவாரத்தின் தென்கரையில் நாக்குப் போல வளர்ந்து, வாயை வடகிழக்கே நகர்த்துகிறது. இதனால் கடலுக்கும் ஏரிக்கும் இடையேயுள்ள வெளிக்கால்வாய் நீண்டு குறுகுகிறது. மகாநதியின் கிளைகள் கொண்டுவரும் வண்டலோ ஏரியின் உட்புறத்தை மேடாக்குகிறது.

இங்கு ஒரு நச்சுச் சுழல் உண்டு. ஏரி தூர்ந்தால், ஏற்றத்தின்போது உள்ளே புகும் நீரின் அளவு குறையும். உள்ளே புகும் நீர் குறைந்தால், இறக்கத்தின்போது வெளியேறும் ஓட்டத்தின் வேகம் குறையும். வேகம் குறைந்தால், வாயில் தங்கும் மணலை அது அடித்துச் செல்ல இயலாது. மணல் தங்கினால் உள்ளே புகும் நீர் மேலும் குறையும்.

இதன் விளைவை மீனவரே முதலில் உணர்ந்தனர். மடவை மீன் கடலுக்குச் சென்று முட்டையிடும். அதன் குஞ்சுகள் உப்பங்கழிக்குத் திரும்பி வந்து வளரும். புலி இறாலும் சேற்று நண்டும் இவ்வாறே. நன்னீர் இறாலோ ஆற்றில் வாழ்ந்து, உவர்நீரில் குஞ்சு பொரிக்கும். இவை யாவற்றிற்கும் வழி ஒன்றே. அவ்வழி அடைபட்டதும் மீன்வளம் சரிந்தது. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 8,000 டன்னுக்கு மேலிருந்த மீன், இறால், நண்டு விளைச்சல் 1999-2000-இல் 1,700 டன் அளவுக்கு வீழ்ந்தது. உப்பு குறைந்த நீரில் ஆகாயத்தாமரையும் நாணலும் பரவின. 1993-இல் ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் பட்டியலாகிய மோன்ட்ரோ பதிவேட்டில் சிலிகா சேர்க்கப்பட்டது.

7. இறால் வளைப்புகளின் தகராறு

இதே ஆண்டுகளில் மற்றொரு துன்பமும் சேர்ந்தது. ஏற்றுமதியினால் இறாலின் விலை உயர்ந்தது. மீனவரல்லாதார் பலர் பணபலத்தோடு வந்து, ஏரியின் ஓரங்களை வலையாலும் மூங்கிலாலும் நிரந்தரமாக வளைத்தனர். இவ்வளைப்புகளைக் கேரி என்பர். ஜானோ பருவத்தோடு முடிவது, ஊருக்குப் பொதுவானது. கேரியோ ஆண்டு முழுவதும் நிற்பது, ஒருவருக்கு உரியது. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமையை மாணவர்கள் நன்கு உணர வேண்டும். கேரிகள் நீரோட்டத்தைத் தடுத்து வண்டலைத் தேக்கின. மீன் குஞ்சுகளின் வழியை மறித்தன. மீனவரின் மரபு நீர்களைப் பறித்தன.

1990-களின் தொடக்கத்தில் பெரும் இறால் பண்ணை ஒன்றை எதிர்த்து மீனவர் நடத்திய கிளர்ச்சி நாடெங்கும் அறியப்பட்டது. 1999 மே மாதத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் நால்வர் உயிரிழந்தனர். இதற்கு முன்பே, தமிழ்நாட்டுச் சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்திருந்தது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் அமைக்கலாகாது என்று அத்தீர்ப்பு கூறிற்று. ஆயினும் சட்டத்துக்குப் புறம்பான வளைப்புகள் அகற்றப்படுவதும் மீண்டும் தோன்றுவதுமாகவே இருந்து வந்திருக்கின்றன.

8. புதிய முகத்துவாரம்

1991-இல் ஒடிசா அரசு சிலிகா அபிவிருத்தி ஆணையத்தை நிறுவியது. புணேயிலுள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் மாதிரி அமைத்துச் சோதனைகள் நடத்தியது. அவற்றின் அடிப்படையில் சிபகுடா என்னுமிடத்தில் மணல் திட்டு வெட்டப்பட்டு, 2000 செப்டம்பர் 23-ஆம் நாள் புதிய முகத்துவாரம் திறக்கப்பட்டது. கடலுக்குச் செல்லும் வழி இதனால் 18 கிலோமீட்டர் குறைந்தது.

பலன் விரைவிலேயே தெரிந்தது. கடல்நீர் உட்புகுந்து உப்பின் அளவு உயர, நன்னீர்க் களைகள் குறைந்தன. 2001-02-இல் விளைச்சல் ஏறத்தாழ 12,000 டன்னை எட்டியது. 2002-இல் மோன்ட்ரோ பதிவேட்டிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. அவ்வாண்டே ராம்சார் விருதும் கிடைத்தது.

எனினும் வெட்டிய வாய் வெட்டிய இடத்திலேயே என்றும் நிற்பதில்லை. அலையும் மணலும் ஓயவில்லை. 2008-இல் இயற்கையாகவே மற்றொரு வாய் திறந்தது. 2019-இல் வீசிய பானி புயலும் மணல் திட்டை உடைத்தது. ஆகையால் சிலிகாவைக் காப்பது ஒரு நாளில் முடிந்த காரியமன்று. மேட்டு நிலத்தில் மண்ணரிப்பைத் தடுப்பது, ஆற்றுநீரைத் தேவையான காலத்தில் விடுவது, மணலின் நகர்ச்சியை அளந்து வருவது, மீனவரின் உரிமையைப் பேணுவது ஆகிய நான்கும் தொடர்ந்து நடைபெற வேண்டும். விளைச்சல் பெருகினாலும் அது யாருடைய வலையில் சேர்கிறது என்ற கேள்விக்கு மண்வெட்டி விடையளிக்காது.

9. பயணத்தில் செய்யத்தக்க பயிற்சிகள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பயணத்துக்கு ஏற்ற காலம். ஓங்கிலைக் காணச் சாதபடாவுக்கும், பறவைகளைக் காண மங்களாஜோடிக்கும், தீவுகளைக் காண ரம்பா அல்லது பார்குலுக்கும் செல்லலாம். உயிர் காக்கும் மிதவைச் சட்டையின்றி மாணவரைப் படகில் ஏற்றலாகாது.

முதற் பயிற்சி: வெவ்வேறு மூன்று இடங்களில் ஒவ்வொரு லிட்டர் நீர் எடுத்து வந்து, வடிகட்டி, பள்ளிக்கூடத்தில் வற்றக் காய்ச்சி, எஞ்சிய உப்பை நிறுத்துப் பார்க்க. கடல்நீராயின் ஏறத்தாழ 35 கிராம் கிடைக்கும். மூன்று எடைகளையும் படத்தில் குறித்தால் உப்பங்கழியின் தன்மை தானே விளங்கும்.

இரண்டாம் பயிற்சி: அகன்ற தட்டில் மணலால் ஒரு கரையும் அதில் ஒரு சிறு வாயும் அமைக்க. முன்புறம் நீர் ஊற்றிப் பலகையால் சாய்வாக அலை எழுப்பினால், மணல் ஒரு பக்கமாக நகர்ந்து வாயை மூடும். பின்புறத்திலிருந்து நீரை வேகமாக விட்டால் வாய் மீண்டும் திறக்கும். ஆற்று வெள்ளத்தின் பயன் இதனால் புலப்படும்.

மூன்றாம் பயிற்சி: மீன் இறங்கும் துறையில் முதிய மீனவர் ஒருவரிடம், தம் இளமையில் கிடைத்து இன்று கிடைக்காத மீன்களின் பெயரையும், அவற்றின் பருவத்தையும், பிடித்த கருவியையும் கேட்டெழுதுக. அவர் கூறும் சொற்களை அவர் கூறியவாறே எழுத வேண்டும், திருத்துதல் கூடாது.

நமது பழவேற்காட்டிலும் முகத்துவாரம் மணலால் தூர்வது மீனவரின் நெடுநாளைய முறையீடு. சிலிகாவைக் காணச் செல்ல இயலாத பள்ளிகள் இப்பயிற்சிகளை அங்கேயே செய்து பார்க்கலாம்.

வினாக்கள்

1. உப்பங்கழியின் வட பகுதியில் உப்பு குறைந்தும் வெளிக்கால்வாயில் மிகுந்தும் இருப்பது ஏன்?

2. முகத்துவாரம் அடைபட்டால் மடவை மீனுக்கு நேரும் இடர் யாது? நன்னீர் இறாலுக்கு நேரும் இடர் யாது?

3. ஜானோவையும் கேரியையும் ஒப்பிட்டு, நீரோட்டத்துக்கும் மீனவர் வாழ்வுக்கும் அவற்றால் வரும் விளைவுகளை எழுதுக.

4. மங்களாஜோடியில் வேட்டை நின்றதற்குச் சட்டம் மட்டும் போதுமானதாயிருந்திருக்குமா? உமது ஊர்ப்புற அனுபவத்தோடு ஒப்பிட்டு விடை கூறுக.